தூக்கத்தை எழுதி வையுங்கள்: இருதுருவ மனநிலைக் கோளாறுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு அப்போது 15 வயது. ஒரு மார்கழி மாதத்து இரவில் இரண்டரை மணிக்குச் சமையலறையில் விளக்கெரிவதைக் கண்டு எழுந்து போனேன். அடுக்கில் இருந்த டப்பாக்கள் அனைத்தையும் தரையில் இறக்கி வைத்து, துவரை, கடலை, உளுந்து என்று ஒவ்வொன்றின் மீதும் ஸ்கெட்ச் பேனாவால் பெயரெழுதிய சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை நடந்தது. ஒரு பேச்சு முடியுமுன் இன்னொன்று தொடங்கிவிட்டது. "தூங்கலையாம்மா?" என்று கேட்டேன். "தூக்கமே தேவைப்படலம்மா. உடம்பு அவ்வளவு லேசா இருக்கு" என்றாள். அவள் தொடர்ந்து கண்விழித்த நான்காவது இரவு அது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம் என்பதால், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். அடுத்த பத்து நாள்களுக்குள் அவளை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

"பைபோலார்", அதாவது இருதுருவ மனநிலைக் கோளாறு, என்ற சொல்லை முதல்முறையாகக் கேட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கும் பெற்றோருக்காக, அன்று எனக்குத் தெரியாமல் போனவற்றை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். இந்த நோயோடு ஏழு ஆண்டுகள் பழகிய தாய். மருந்தையும் அளவையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த முடிவைச் சரியாக எடுக்க அவருக்குத் தேவைப்படும் செய்தி, பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கும் நம்மிடம்தான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி பிள்ளையின் தூக்கத்தில் இருக்கிறது.

நோயின் இயல்பை அறிந்துகொள்ளுங்கள்

இருதுருவ மனநிலைக் கோளாற்றில் மனநிலையும் உடலின் வேகமும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன. ஏறிய நிலையை மேனியா என்பார்கள். மிதமிஞ்சிய உற்சாகமோ எரிச்சலோ, அதனுடன் வழக்கத்தை மீறிய ஆற்றலும் சேர்ந்து, நாளின் பெரும்பகுதியில் குறைந்தது 7 நாள் நீடித்தாலோ, அதற்கு முன்பே மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையானாலோ அது மேனியா. அதே அறிகுறிகள் கடுமை குறைந்து 4 நாளாவது நீடித்தால் ஹைப்போமேனியா. எதிலும் நாட்டமின்மை, அழுகை, பசியிலும் தூக்கத்திலும் மாற்றம், தன்னைத் தானே வெறுத்தல் ஆகியவை 2 வாரம் நீடித்தால் அது பெருஞ்சோர்வு. மேனியா ஒரே ஒருமுறை வந்திருந்தாலும் மருத்துவர்கள் அதை முதல் வகை என்று குறிப்பார்கள். ஹைப்போமேனியாவும் பெருஞ்சோர்வும் வந்து, முழு மேனியா வராதிருந்தால் இரண்டாம் வகை என்பார்கள்.

இந்த நாள் கணக்கை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காலையில் சிரித்துவிட்டு மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதால் மட்டும் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் இருப்பதாகிவிடாது. வளரிளம் பருவத்தில் மனம் அப்படித்தான் அலைபாயும். பிள்ளையின் வழக்கமான குணத்திலிருந்து தெளிவாக விலகிய ஒரு காலம், நாள்கணக்கில் தொடர்ந்து நீடித்து, பிறகு முடிவுக்கு வருகிறதா என்பதையே பார்க்க வேண்டும். பிறந்ததிலிருந்தே துறுதுறுப்பான பிள்ளை வேறு. அமைதியாக இருந்த பிள்ளை ஒரு வாரமாகத் துறுதுறுப்பது வேறு. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு சிறு வயதிலிருந்தே மாறாமல் இருந்துவரும். இந்த நோயோ அலை போல வந்து போகும்.

தூக்கத்திலும் இதே போன்ற வேறுபாடு ஒன்று உண்டு. கவலையால் தூக்கம் வராமல் புரண்ட பிள்ளை மறுநாள் வாடிப்போய் உட்கார்ந்திருக்கும். மேனியா தொடங்கும் பிள்ளை மூன்று மணி நேரம் மட்டுமே தூங்கிவிட்டு, மறுநாள் எல்லோரையும்விடச் சுறுசுறுப்பாக நிற்கும். தூக்கம் வராமல் போவதையும் தூக்கமே தேவைப்படாமல் போவதையும் பிரித்தறிவதுதான் இந்த வழிகாட்டியில் நான் கற்றுத்தர விரும்பும் முதல் பாடம்.

பெரியவர்களுக்கு வரும் நோய் வளரிளம் பருவத்தினரிடம் சற்று வேறு முகத்தோடு வரும். பலருக்கு முதலில் வருவது சோர்வு. மேனியா சில காலம் கழித்துத் தலைகாட்டும். மகிழ்ச்சியைவிட எரிச்சலும் கோபமும் முன்னே நிற்கும். அழுகையும் ஓயாத வேகமும் ஒரே சமயத்தில் கலந்து வரும் கலப்பு நிலையும் இவர்களிடம் அதிகம். அந்த நிலை ஆபத்தானது, ஏனென்றால் சாக வேண்டும் என்ற எண்ணமும் அதைச் செய்யும் வேகமும் அப்போது ஒன்றாக இருக்கின்றன.

ஒரு சிறு விலகல். அமெரிக்காவில் 1994-95க்கும் 2002-03க்கும் இடையே, சிறார்கள் மருத்துவரைப் பார்த்த வருகைகளில் பைபோலார் என்று குறிக்கப்பட்டவை சுமார் 40 மடங்கு பெருகின. நோய் அவ்வளவு வேகமாகப் பரவிவிடவில்லை; ஓயாத எரிச்சலும் கோப வெடிப்பும் உள்ள குழந்தைகள் பலருக்கும் அதே பெயர் சூட்டப்பட்டது. அதைச் சரிசெய்யும் நோக்கத்துடனேயே, 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேட்டில், அத்தகைய குழந்தைகளுக்கென ஒரு தனி நோய்ப்பெயர் சேர்க்கப்பட்டது. உங்கள் பிள்ளைக்கு 7 வயதோ 8 வயதோ ஆகி, மருத்துவர் உடனே பெயர் சொல்லாமல் "கொஞ்ச காலம் பார்ப்போம்" என்றால், அவரைத் தெளிவில்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வயதில் உண்மையான மேனியா மிக அரிது. அவர் கவனமாக இருக்கிறார் என்றே பொருள்.

வளர்ப்புக் குறையாலோ, செல்பேசியாலோ, செல்லம் கொடுத்ததாலோ இந்த நோய் வருவதில்லை. மரபணுவின் பங்கு இதில் பெரிது. பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும், ஆனாலும் அத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு வருவதில்லை. உங்கள் இரு குடும்பங்களிலும் "அந்தச் சித்தப்பா ஒரு மாதிரி" என்று ஒற்றை வரியில் பேசி முடித்துவிட்ட கதைகள் இருக்கும். அவற்றை இப்போது கேட்டறிந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். யார் பக்கத்திலிருந்து வந்தது என்று சண்டையிட அல்ல, அவரவர் எந்த மருந்தில் குணமானார் என்று தெரிந்துகொள்ள.

ஒரு நோட்டு வாங்குங்கள்

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன்பே இதைத் தொடங்குங்கள். 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, படுத்த நேரம், எழுந்த நேரம், மனநிலைக்கு ஓர் எண், மாத்திரை போட்டதற்கு ஒரு டிக், கடைசியில் குறிப்பு. மனநிலை எண்ணுக்கு நாங்கள் பூஜ்யத்தை நடுவில் வைத்துக்கொண்டோம்: சாதாரண நாளுக்கு 0, உற்சாகம் ஏற ஏற +1, +2, +3, சோர்வு கூடக் கூட -1, -2, -3. பெண் பிள்ளையானால் மாதவிடாய் நாள்களையும் குறியுங்கள்.

குறிப்பில் உங்கள் கருத்தை எழுத வேண்டாம். கண்ணில் பட்டதை எழுதுங்கள். "திமிராக நடந்துகொண்டாள்" என்ற வரியால் மருத்துவருக்கு ஒரு பயனும் இல்லை. "இரவு 11 மணிக்கு மேல் 14 தோழிகளுக்குப் போன் செய்தாள், 2 மணிக்குத் துணி துவைத்தாள், காலையில் சாப்பிடவில்லை" என்ற வரியைப் படித்ததுமே அவர் நிமிர்ந்து உட்காருவார். எங்கள் நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினால், எட்டு மணி நேரம், எட்டு, ஏழரை, ஆறு, ஐந்து, மூன்றரை என்று தூக்கம் படிப்படியாகக் கரைவது தெரியும். மனநிலை எண் அப்போதும் +1-இல்தான் நிற்கிறது. பேச்சும் நடத்தையும் மாறும் முன்பே தூக்கம் மாறிவிட்டது. அந்தப் பக்கத்தை வைத்துத்தான் இரண்டாவது முறை வந்த மேனியாவை, மருத்துவமனையில் சேர்க்காமல், மருந்தின் அளவை மாற்றியே தடுக்க முடிந்தது.

நோட்டு பிள்ளைக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. முதல் மாதம் நான் மறைத்து எழுதினேன், அவள் கண்டுபிடித்த நாளில் "என்னை வேவு பாக்குறியா?" என்று கேட்டு அழுதாள். அது நான் செய்த தவறு. அதன்பின் மனநிலை எண்ணை அவளே போட்டாள், நேரத்தை நான் எழுதினேன். இருவர் எண்ணும் ஒத்துப்போகாத நாள்களில் இரண்டையும் எழுதி வைத்தோம்.

மருத்துவரிடம் போகும்போது

பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான மனநல மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது. உளவியலாளரின் உரையாடல் சிகிச்சைக்குப் பெரும் பயன் உண்டு, ஆனால் மேனியாவை அதனால் மட்டும் தணிக்க முடியாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள அரசு மனநலக் காப்பகமும், பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸும் சிக்கலான நிலைகளுக்கு உதவும். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் இந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்போர்க்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண் இருக்கிறது.

முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியவை சில. இதற்கு முன் எப்போதாவது, சில நாள்களுக்கேனும், வழக்கத்துக்கு மாறான சுறுசுறுப்பு இருந்ததா என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மேனியாவின் சில வாரங்களுக்கு முன் என் மகளைச் சோர்வுக்காக ஒரு மருத்துவரிடம் காட்டினோம். சோர்வை மட்டுமே சொன்னோம். அதற்கு முந்தைய தீபாவளி சமயத்தில் ஒரு வாரம் தூங்காமல் பறந்துகொண்டிருந்ததைச் சொல்லவில்லை, அது நோயின் பகுதி என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவர் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எழுதித் தந்தார். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் மேனியா தூண்டப்படக்கூடும். சமையலறை டப்பாக்களின் இரவுகள் அதன் பிறகே வந்தன.

தைராய்டுக் கோளாறு, வலிப்பு, ஸ்டீராய்டு மருந்துகள், கஞ்சா ஆகியவையும் மேனியா போன்ற தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதுவார், பழக்கங்களைப் பற்றிக் கேட்பார். பிள்ளையோடு அவர் தனியே பேச விரும்பினால் தயங்காமல் வெளியே எழுந்து போங்கள். அம்மா முன்னால் எந்தப் பிள்ளையும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

மருந்து: அறிந்திருக்க வேண்டியவை

இந்த நோய்க்கான மருந்துகளில் மூத்தது லித்தியம். ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் அதன் பயனை 1949-இல் வெளியிட்டார். அது ஓர் உப்பு. இன்றும் பலரை நிலைநிறுத்தும் மருந்து, தற்கொலை அபாயத்தைக் குறைப்பதாகவும் கருதப்படுகிறது. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகியது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட் வரை என்பதே பொதுவான வரம்பு. ஆகவே குறித்த இடைவெளிகளில் இரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும்: இரவு 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு எடுத்துவிட்டு, அதன் பிறகே காலை மாத்திரை. காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பரிசோதனைக் கூடத்தில் போய் நின்றால், அளவு கூடுதலாகக் காட்டி வீண் குழப்பம் வரும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

நம் வீடுகளில் லித்தியம் விஷயத்தில் வரும் சிக்கல் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிறுநீரகம் லித்தியத்தையும் சாப்பாட்டு உப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரி கையாள்கிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடும். போடும் மாத்திரை அதேதான், இரத்தத்தில் அளவு மட்டும் ஏறிவிடும். உப்பில்லா விரதம், ரமலான் நோன்பு, அக்னி நட்சத்திர வெயிலில் விளையாட்டுப் பயிற்சி, வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் காய்ச்சல் ஆகியவை எல்லாம் எச்சரிக்கைக்குரிய நேரங்கள். விரதம் இருக்க விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். தலைவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தும். பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கை கடுமையாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது, வாந்தி நிற்காமல் வருவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குவெட்டியாபின், அரிபிப்ரசோல் முதலிய மருந்துகள் மேனியாவை விரைவாகத் தணிக்கும். சிலவற்றால் பசியும் எடையும் கூடும் என்பதால் மாதந்தோறும் எடையைக் குறித்து, சர்க்கரையையும் கொழுப்பையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வல்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும், கருமுட்டைப் பைகளிலும் கோளாறு உண்டாக்கக்கூடும். பெண் பிள்ளைக்கு அதை எழுதினால், வேறு வழி உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். லாமோட்ரிஜின் தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அதன் அளவை மெல்ல மெல்லவே கூட்டுவார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

பிள்ளை நன்றாக ஆனதும் உறவினர் யாராவது வந்து "இந்த வயசுல இத்தனை மாத்திரையா?" என்பார்கள். மாத்திரை வேலை செய்வதால்தான் பிள்ளை நன்றாக இருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பக்கூடும். நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவர் சொல்லி, வாரக்கணக்கில் மெதுவாக நடக்க வேண்டும். மாத்திரையால் எடை கூடிய 16 வயதுப் பெண் அதைத் துப்பிவிட்டு வந்தால் அதில் பிடிவாதம் மட்டும் இல்லை, வேதனையும் இருக்கிறது. திட்டுவதற்கு முன் அந்த வேதனையை மருத்துவரிடம் அவளே சொல்ல வழி செய்யுங்கள். பெரும்பாலும் மாற்று மருந்து இருக்கும்.

என் மாமியார், மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். போனோம்; மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனோம். கும்பிடுவதும் மருந்து சாப்பிடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பிள்ளையைக் கட்டி வைப்பது மட்டும் எந்த இடத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்த தீ விபத்தில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பி ஓட முடியாமல் உயிரிழந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது.

வீட்டை மாற்றியமைத்தல்

மருந்துக்கு அடுத்தபடியாகப் பிள்ளையைக் காப்பது ஒழுங்கான நாள். எழும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் ஆகியவை ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது. இவற்றுள் எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள், படுக்கும் நேரம் தானே வழிக்கு வரும். இரவு 9 மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லோருடைய செல்பேசியும், அப்பாவுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். பிள்ளையிடமிருந்து மட்டும் பிடுங்கினால் அது தண்டனையாகிவிடும்.

சிவராத்திரியும் வைகுண்ட ஏகாதசியும் கண்விழிக்கும் இரவுகள். கல்யாண வீடு, இரவுப் பேருந்துப் பயணம், ஊர்த் திருவிழா ஆகியவற்றிலும் தூக்கம் போகும். ஒரே ஓர் இரவு முழுக்க விழித்ததே மேனியாவைத் தொடங்கி வைக்கப் போதுமானதாக இருக்கலாம். எல்லாவற்றையும் விலக்கிவிட்டால் பிள்ளை வாழ்க்கையையே இழந்துவிடும். ஆதலால் கல்யாணத்துக்கு மாலையில் போய்த் தலைகாட்டிவிட்டு இரவு தங்கும் அறைக்குத் திரும்புகிறோம், பயணத்தைப் பகலில் வைத்துக்கொள்கிறோம். தவிர்க்க முடியாத இரவு வந்தால் மறுநாள் நோட்டைக் கூர்ந்து பார்க்கிறோம். தேர்வுக்காகத் தேநீர் போட்டுக் கொடுத்து இரவெல்லாம் படிக்க வைக்கும் நம் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம்.

பேசும் விதம் நோயின் போக்கையே மாற்றும். குத்தலும் குறைகூறலும் நிறைந்த வீடுகளில் நோய் அதிகமாகத் திரும்புவதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மிக்லோவிட்ஸ் உருவாக்கிய குடும்பம் சார்ந்த சிகிச்சை இதை அடிப்படையாகக் கொண்டது: குடும்பம் முழுவதும் நோயைக் கற்பது, கேட்கப் பழகுவது, சிக்கலை ஒவ்வொன்றாகத் தீர்ப்பது. சோர்வில் கிடக்கும் பிள்ளையிடம் "எந்திரிச்சு குளிச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லாதீர்கள். "முகம் மட்டும் கழுவிட்டு வா கண்ணு, ஒரு தோசை ஊத்துறேன்" என்பது அந்தப் பிள்ளையால் செய்யக்கூடிய ஒன்று. வேகத்தில் இருக்கும் பிள்ளையிடம் வாதம் செய்யாதீர்கள்; அப்போது வாதத்தில் நீங்கள் வெல்லவே முடியாது. குரலைத் தாழ்த்தி, சிறு சிறு வாக்கியங்களில், ஒருவர் மட்டும் பேசுங்கள். வண்டிச் சாவியும் பணம் அனுப்பும் செயலிகளும் பிள்ளை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். இந்த ஏற்பாட்டை அவள் நலமாக இருக்கும் நாளிலேயே அவளோடு பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

உடன்பிறந்த பிள்ளையை மறந்துவிடாதீர்கள். என் மகன் அப்போது ஆறாவது படித்தான். அக்கா மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரமும் அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தான் முந்தின நாள் அவளோடு சண்டை போட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று அவன் நம்பியிருந்தது பல மாதங்கள் கழித்தே தெரிய வந்தது.

பள்ளி

யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். வகுப்பு முழுவதற்கும் தெரிய வேண்டியதில்லை. வகுப்பாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் தெரிந்தால் போதும். நோயின் பெயரைவிடத் தேவைகளைச் சொல்வது நல்லது. லித்தியம் சாப்பிடும் பிள்ளைக்குத் தாகம் அதிகம், அடிக்கடி சிறுநீர் வரும். பாட வேளையில் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் கைதூக்கிக் காத்திருக்காமல் அனுமதி வேண்டும். காலை முதல் பாட வேளையில் தூக்கக் கலக்கம் இருக்கும். கையெழுத்து நடுக்கத்தால் கோணலாகும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் இரு வாரம் வீட்டுப்பாடத்தைக் குறைக்க வேண்டும். இவற்றை ஒரே பக்கத்தில் மருத்துவரின் கையொப்பத்துடன் எழுதிக் கொடுங்கள்.

எங்களுக்கு முதலில் வாய்த்த பள்ளி, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளும்படி சொல்லிவிட்டது. உரிமை என்னவென்று தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்தோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிக்கப்பட்ட 21 வகைகளில் மனநோயும் ஒன்று. மருத்துவக் குழுவின் மதிப்பீட்டில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் சான்றிதழ் பெற்று, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் சான்றிதழ் தேவைப்படாது. தேவைப்பட்டால் தேர்வுக்கு முந்தைய மாதம் அலையாமல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள்.

ஆபத்தான நாளுக்கு முன்னேற்பாடு

"சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காமல் விடுவதே ஆபத்து. "ஆமாம்" என்றால் அழாமல், அறிவுரை சொல்லாமல், எப்போது, எப்படி என்று திட்டம் இருக்கிறதா எனக் கேளுங்கள். அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளும், தாத்தாவின் சர்க்கரை மாத்திரை உட்பட, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். வயலுக்கு அடிக்கும் மருந்தையும் எலி மருந்தையும் வீட்டில் வைக்கவே வேண்டாம். லித்தியம் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

ஓர் அட்டையில் மருத்துவரின் எண், 108, 14416, பிள்ளை சாப்பிடும் மருந்துகள், அவற்றின் அளவு, ஒவ்வாமை, உதவிக்கு வரக்கூடிய இருவரின் எண்கள் ஆகியவற்றை எழுதிப் பீரோவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அந்த இருவரிடமும் முன்பே பேசியிருங்கள். நள்ளிரவில் புதிதாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், 18 வயது நிரம்பாதவருக்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. பெரியவர்களின் வார்டில் சேர்க்கக் கூடாது. நீங்களோ நீங்கள் நியமிக்கும் ஒருவரோ உடன் தங்க வேண்டும். பெண் பிள்ளைக்குத் துணையாக இருப்பவர் ஆணாக இருந்தால் ஒரு பெண் உதவியாளரும் வேண்டும். மின் அதிர்வு சிகிச்சையைப் பாதுகாவலரின் ஒப்புதலும் மனநலச் சீராய்வு வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் கொடுக்க முடியாது. போகும்போது நோட்டை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். கூடவே மாற்றுத் துணியும், பிள்ளைக்குப் பிடித்த தலையணையும்.

18 வயது நிரம்பும்போது

அதுவரை நீங்கள் எடுத்த முடிவுகள் அன்று முதல் பிள்ளையுடையவை. ஆகவே 16 வயதிலிருந்தே பொறுப்பை ஒவ்வொன்றாகக் கை மாற்றுங்கள்: முதலில் மாத்திரை டப்பாவை வாரந்தோறும் நிரப்புவது, பிறகு இரத்தப் பரிசோதனைத் தேதியை நினைவில் வைப்பது, பிறகு மருத்துவரிடம் தானே முதலில் பேசுவது. தனக்கு நோய் கடுமையாகும்போது எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் 18 நிரம்பிய எவருக்கும் 2017 சட்டத்தில் உரிமை உண்டு. என் மகள் தன் 18-ஆவது பிறந்தநாளுக்கு அடுத்த வாரம் அதை எழுத உட்கார்ந்தாள். எழுதும் முன் பழைய நோட்டுகள் மூன்றையும் கேட்டு வாங்கி, தரையில் பரப்பிவைத்து, தூக்கம் கரைந்த பக்கங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டாள். பிறகு தாளில் முதல் வரியாக எழுதினாள்: "இரண்டு நாள் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால், நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் என்னை மருத்துவரிடம் அழைத்துப் போகவும்."